தேயிலையை வாங்கப் பலர், உழைப்பை வாங்க ஒருவர்: மலையகத்தில் கம்பனி ஆதிக்கமும் அரசின் நூறாண்டு முயற்சியும்

தலவாக்கலையிலோ பொகவந்தலாவையிலோ அரைத்துச் சலித்த தேயிலை கொழும்புக்குப் போனதும் அதற்கு ஒரு சந்தை காத்திருக்கிறது. 1883 முதல் நடந்துவரும் கொழும்பு ஏலத்தில் ஒவ்வொரு தோட்டத்தின் தேயிலையும் அதன் பெயரோடு தனித் தொகுதியாக வருகிறது. தரகர்கள் மாதிரிகளை முன்கூட்டியே அனுப்புகிறார்கள். ஏற்றுமதியாளர்கள் சுவைத்துப் பார்த்து ஒருவரை ஒருவர் முந்தி விலை கேட்கிறார்கள். 2020 ஏப்ரலில் பெருந்தொற்று வந்தபோது ஏலம் இணையவழிக்கு மாறியது. கேட்பவர்களின் போட்டி நிற்கவில்லை.

அந்தக் கொழுந்தை எடுத்த பெண்ணின் உழைப்புக்கு இப்படி ஒரு சந்தை கிடையாது. அவள் வேலை செய்யும் கம்பனியிடமே அவள் குடியிருக்கும் லயம் இருக்கிறது, லயத்தைச் சுற்றியுள்ள நிலமும் இருக்கிறது. பக்கத்து மலை வேறொரு கம்பனியுடையது; ஆனால் அங்கேயும் நாள் சம்பளம் இதே தொகைதான். காரணம், அந்தத் தொகை எல்லாக் கம்பனிகளுக்கும் சேர்த்து ஒரே மேசையில் தீர்மானிக்கப்படுகிறது.

பெருங்கம்பனிகளின் பிடியைத் தளர்த்த இலங்கை அரசு பல காலகட்டங்களில் பல வழிகளைப் பார்த்திருக்கிறது. கடன்முறையை ஒழித்தது, நிலத்தைத் தேசியமயமாக்கியது, பின்னர் அதைத் துண்டுபோட்டுத் தனியாரிடம் கொடுத்தது, நியாய வர்த்தகத்துக்குச் சட்டம் எழுதியது, விலையும் சம்பளமும் வர்த்தமானியில் அறிவித்தது. இவற்றில் எது யாருக்கு என்ன பலன் தந்தது என்பதை இக்கட்டுரை வரிசையாகப் பார்க்கிறது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தோட்டத்தின் உரிமையாளர் பலமுறை மாறியிருக்கிறார், விற்பனை விலைமீது அரசின் கண் எப்போதும் இருந்திருக்கிறது, தொழிலாளி தன் உழைப்பை வேறொருவரிடம் கொண்டுபோகும் வழி மட்டும் திறக்கப்படவே இல்லை.

துண்டும் கடனும்

1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். கோப்பி இலைநோயில் அழிந்த பிறகு மலைநாடு முழுவதும் தேயிலை பரவியது. வேலைக்கு ஆள் வந்தது தமிழ்நாட்டிலிருந்து. ஊரிலிருந்து ஆளைத் திரட்டி வந்த கங்காணி, வழிச்செலவையும் முன்பணத்தையும் தொழிலாளியின் பெயரில் கடனாக எழுதினார். வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் ‘துண்டு’ வேண்டும். அந்தச் சீட்டில் கடன் தொகை இருக்கும். புதிய துரை அதைக் கட்டினால்தான் ஆளைப் பெறலாம்.

துரைமாரிடையே ஆளுக்குப் போட்டி இல்லாமல் இல்லை. கடும் போட்டி இருந்தது. ஒரு தோட்டத்து ஆட்களை இன்னொரு தோட்டம் முன்பணம் காட்டி இழுப்பதைப் பற்றித் தோட்டக்காரர் சங்கம் ஓயாமல் முறையிட்டது. ஆனால் அந்தப் போட்டியின் பலன் நாள் கூலியில் சேரவில்லை. அது கங்காணியின் கையில் முன்பணமாகவும் தொழிலாளியின் தலையில் கடனாகவும் சேர்ந்தது. ஒவ்வொரு மாற்றத்திலும் துண்டின் தொகை ஏறியது. தொகை ஏற ஏற வெளியேறுவது கடினமாயிற்று. போட்டி இருந்தாலே போதும், எளியவர் பிழைத்துக்கொள்வார் என்று நினைப்பவர்கள் இந்த வரலாற்றைப் படிக்க வேண்டும்.

பொன்னம்பலம் அருணாசலம் போன்றோரின் குரலும் இந்திய அரசின் அழுத்தமும் சேர்ந்து 1921இல் துண்டுமுறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1929 முதல் நடைமுறைக்கு வந்தபோது, மலைநாட்டில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம் என்று நிர்ணயமாயிற்று. முதலாளிகளின் பிடியில் அரசு கைவைத்த முதல் பெரிய தருணம் இதுவே. கடன் என்ற விலங்கு அகன்றது. லயம் என்ற விலங்கு அப்படியே இருந்தது.

கம்பனிகளின் கூட்டும் அரசின் ஒப்புதலும்

அதே காலத்தில் தேயிலையின் உரிமையும் குவிந்தது. இலண்டனில் பதிவான ஸ்டெர்லிங் கம்பனிகள் தோட்டங்களை வைத்திருந்தன. கொழும்பின் ஏஜென்சி ஹவுஸ்கள் ஒரே நேரத்தில் பல கம்பனிகளின் தோட்டங்களை நிர்வகித்தன. உரம் வாங்கின, தேயிலை விற்றன, கப்பலேற்றின. தோட்டங்களின் எண்ணிக்கையைப் பார்த்தால் நூற்றுக்கணக்கில் தெரியும். தீர்மானம் எடுத்தவர்களோ கொழும்புக் கோட்டையில் சில அலுவலகங்களில் இருந்தவர்கள்தாம்.

உலகப் பொருளாதார மந்தத்தில் தேயிலை விலை சரிந்ததும், இந்தியா, இலங்கை, டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகள் ஆகியவற்றின் உற்பத்தியாளர்கள் 1933இல் சர்வதேசத் தேயிலை ஒப்பந்தம் செய்தார்கள். ஒவ்வொரு நாடும் எவ்வளவு ஏற்றுமதி செய்யலாம் என்று பங்கு பிரித்துக்கொண்டார்கள். அதைச் சட்டத்தால் நடைமுறைப்படுத்தியவை அரசுகளே. விற்பனையாளர்கள் கூடி அளவைக் குறைத்து விலையைத் தாங்கிப் பிடிப்பது அமெரிக்காவில் 1890இன் ஷெர்மன் சட்டத்தின்படி குற்றம். இங்கே அது அரசின் கொள்கையாக இருந்தது. கம்பனிகள் தம் விலையைக் காத்துக்கொண்ட அதே மந்தத்தில் தொழிலாளியின் குறைந்தபட்சக் கூலி வெட்டப்பட்டது.

தேசியமயமாக்கல்: பலருக்குப் பதில் ஒருவர்

1972இன் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியார் வைத்திருக்கக்கூடிய நிலத்துக்கு 50 ஏக்கர் என எல்லை வகுத்தது. கம்பனித் தோட்டங்கள் முதலில் தப்பின. 1975இன் திருத்தம் அவற்றையும் எடுத்துக்கொண்டது. 4 லட்சம் ஏக்கருக்கு மேல் அரசின் கைக்கு வந்தது. தோட்டங்கள் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனத்துக்கும் ஜனவசம என்று அறியப்பட்ட மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபைக்கும் பிரிக்கப்பட்டன. நூறாண்டுக்கு மேலாக இலாபத்தை நாட்டுக்கு வெளியே கொண்டுசென்ற கம்பனிகளின் ஆதிக்கம் அத்துடன் முடிந்தது. அது வரலாற்று நீதி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆனால் அந்த நீதி லயத்தின் வாசலை எட்டவில்லை. எடுத்த நிலத்தின் ஒரு பகுதி பங்கிடப்பட்டபோது, அதில் தலைமுறைகளாக உழைத்தவர்கள் பெரும்பாலும் கணக்கில் சேர்க்கப்படவில்லை. அவர்களில் பலர் நாடற்றவர்கள். 1977 மே மாதம், நுவரெலியா மாவட்டத்தில் 7,000 ஏக்கர் தோட்ட நிலத்தைப் பிரித்துக்கொடுக்கும் திட்டத்தை எதிர்த்து எழுந்த போராட்டத்தில், டெவன் தோட்டத்தில் சிவனு லெட்சுமணன் பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார். கம்பனி ஆதிக்கத்தை முறிக்கும் நடவடிக்கை அவரது மக்களுக்கு வேலை பறிபோகும் அச்சமாகவே வந்து சேர்ந்தது.

அரச நிர்வாகத்தில் ஒரு பெரிய வெற்றியும் உண்டு. 1984 வேலைநிறுத்தத்துக்குப் பிறகு பெண்ணுக்கும் ஆணுக்கும் சம நாள் சம்பளம் கிடைத்தது. மற்றபடி, வேலை கொடுப்பவர் என்ற கோணத்தில் பார்த்தால், பல கம்பனிகளின் இடத்தில் இரண்டு அரச நிறுவனங்கள் நின்றன; இரண்டுக்கும் எசமானன் ஒரே அமைச்சு. தனியாரிடம் போகாமல் அரசிடமே எஞ்சிய சில தோட்டங்களில் ஊழியர் சேமலாப நிதியும் ஓய்வுக்காலக் கொடுப்பனவும் ஆண்டுக்கணக்கில் நிலுவையாகக் கிடந்ததைத் தொழிலாளர்கள் மறக்கவில்லை. முதலாளி அரசாக இருப்பதால் மட்டும் ஏகபோகம் இரக்கம் உள்ளதாகிவிடாது.

தனியார்மயம்: காகிதத்தில் இருபதுக்கு மேல், மேசையில் ஒன்று

அரச நிறுவனங்களின் நட்டம் தாங்க முடியாமற்போக, 1992இல் தோட்டங்கள் இருபதுக்கு மேற்பட்ட பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளாகப் பிரிக்கப்பட்டன. முதலில் நிர்வாகம் மட்டும் தனியாரிடம் சென்றது. 1995 முதல் பெரும்பான்மைப் பங்குகளும் விற்கப்பட்டன. நிலம் அரசுடையது; கம்பனிகளுக்கு 2045 வரை குத்தகை. திறைசேரியின் கையில் ஒவ்வொரு கம்பனியிலும் ஒரு பொற்பங்கு. நிலத்தைக் கைமாற்றுவது போன்ற விடயங்களில் அதற்குத் தனி அதிகாரம்.

இந்தப் பிரிப்பைப் போட்டியை உருவாக்கும் கொள்கை என்று சொல்லலாம். விற்பனைப் பக்கத்தில் அது ஓரளவு உண்மை; ஏலத்தில் ஒவ்வொரு கம்பனியும் தன் தேயிலைப் பெயர்களுக்கு நல்ல விலை தேடுகிறது. ஆயினும் காலப்போக்கில் கம்பனிகள் பெருங்குழுமங்களுக்குள் சேர்ந்தன. களனிவெளி, தலவாக்கலை, ஹொரணை மூன்றும் ஹேலீஸ் குழுமத்தில். பலாங்கொடை, மதுல்சீமை இரண்டும் மெல்ஸ்டாகோர்ப் குழுமத்தில். சில குழுமங்கள் தோட்டத்தோடு ஏற்றுமதியையும் சேர்த்து வைத்திருக்கின்றன.

இப்படிச் சேர்வது நாட்டுக்கு நல்லதா என்று கேட்க ஒரு காலத்தில் சட்டம் இருந்தது. 1987ஆம் ஆண்டின் நியாய வர்த்தக ஆணைக்குழுச் சட்டம் ஏகபோகம், நிறுவன இணைப்பு, போட்டிக்கு எதிரான நடைமுறை என்ற மூன்றையும் விசாரிக்க அதிகாரம் தந்தது. 2003இல் வந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் அந்த ஆணைக்குழுவைக் கலைத்தது. போட்டிக்கு எதிரான நடைமுறையை விசாரிக்கும் பிரிவு மட்டும் புதிய சட்டத்தில் தங்கியது; ஏகபோகத்தையும் நிறுவன இணைப்பையும் ஆராயும் அதிகாரம் போயிற்று. அதன் பிறகு மக்கள் அந்த அதிகாரசபையை அறிந்தது கடைகளில் அதிகபட்சச் சில்லறை விலையைப் பார்க்க வரும் அலுவலர்கள் மூலம்தான். அயல்நாடான இந்தியா 1969இன் ஏகபோகச் சட்டத்தை விட்டு 2002இல் போட்டிச் சட்டத்துக்கு மாறி, இணைப்புகளை முன்கூட்டியே ஆராயும் ஆணையத்தை அமைத்தது. இலங்கை எதிர்த் திசையில் நடந்தது.

உழைப்பை வாங்குவதில் இந்தக் கம்பனிகள் எல்லாம் ஒன்றாகவே நின்றன. முதலாளிமார் சம்மேளனம் ஒரு பக்கம், தொழிற்சங்கங்கள் மறுபக்கம் அமர்ந்து கூட்டு ஒப்பந்தம் செய்தன. தொழிற்சங்கம் கூட்டாகப் பேசுவது தேவையானது. தனி ஒருத்தியால் கம்பனியோடு பேச முடியாது. சிக்கல் மறுபக்கத்தில் இருந்தது. இதற்குக் குறையக் கூடாது என்று வகுத்த தொகை, இதற்கு மேல் தர வேண்டியதில்லை என்று ஆயிற்று. அதிக நாள் சம்பளம் காட்டிப் பக்கத்துத் தோட்டத்து ஆட்களை அழைக்க எந்தக் கம்பனியும் முற்படவில்லை.

சம்பளம்: வர்த்தமானியும் வழக்கும்

2019 ஜனவரி ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம் 700 ரூபா. ஆயிரம் ரூபா கோரிக்கை அப்போதே பல ஆண்டு பழையது. பேச்சுவார்த்தை முறிந்ததும் அரசு, சம்பள நிர்ணய சபை வழியாக 2021 மார்ச்சில் 900 ரூபா அடிப்படையும் 100 ரூபா கொடுப்பனவுமாக ஆயிரத்தை அறிவித்தது. கம்பனிகள் நீதிமன்றம் சென்றன. கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகின. பல தோட்டங்களில் எடுக்க வேண்டிய கொழுந்தின் அளவு உயர்த்தப்பட்டது. அந்தக் கிலோ சேராதவருக்கு அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான் விழுந்தது. அறிவித்த ஆயிரம் பலருடைய சம்பளச் சீட்டுக்கு முழுதாக வந்துசேரவில்லை.

2024 மே தினத்தை ஒட்டி 1,700 ரூபா வர்த்தமானியில் வந்தது. ஜூலையில் உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. செப்டெம்பரில் 1,350 ரூபா என்று நின்றது. 2025 நவம்பரில் முன்வைக்கப்பட்ட வரவுசெலவுத் திட்டம் கம்பனிகளின் பங்கை 1,550 ரூபாவாக உயர்த்தி, வருகைக்கு 200 ரூபாவை அரசே தரும் என்று அறிவித்தது.

வர்த்தமானி தேவையற்றது என்று நான் சொல்லவில்லை. வாங்குபவர் ஒருவராக இருக்கும் சந்தையில், சட்டம் வகுக்கும் குறைந்தபட்சக் கூலி வேலைவாய்ப்பைக் குறைக்காமலே கூலியை உயர்த்தக்கூடும் என்று ஜோன் ராபின்சன் 1933இலேயே காட்டினார். ஆனால் ஒவ்வொரு உயர்வும் தேர்தலையும் வழக்கையும் நம்பியிருக்கிறது. 200 ரூபாவைப் பொதுப்பணத்திலிருந்து அரசே கொடுக்க வேண்டிய நிலை வந்ததே இந்தச் சந்தை தானாகச் சரியான விலை தரவில்லை என்பதற்குப் போதிய சாட்சி.

ஏன் போக முடியவில்லை?

வேறு வேலை தேடிப் போகலாமே என்பது கொழும்பில் அடிக்கடி கேட்கும் கேள்வி. போயிருக்கிறார்கள். தனியார்மயத்தின்போது மூன்று லட்சத்துக்கு மேல் இருந்த கம்பனித் தோட்டத் தொழிலாளர் தொகை இன்று ஒரு லட்சத்தை ஒட்டி நிற்கிறது. இளைஞர்கள் கொழும்புக் கடைகளுக்கும் பெண்கள் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் மத்திய கிழக்குக்கும் போகிறார்கள். கந்தப்பளை, இராகலைப் பக்கத்து மரக்கறித் தோட்டங்களுக்கு நாள் வேலைக்குப் போகிறவர்களும் உண்டு. ஆள் தட்டுப்பாடு என்று கம்பனிகள் சொல்வது உண்மைதான். வெளியே வேறு முதலாளிகள் கேட்கத் தொடங்கியதும் உழைப்பின் மதிப்பு தெரிகிறது என்பதே அந்த உண்மையின் பொருள்.

எஞ்சியிருப்பவர்களைக் கட்டிவைப்பது வீடு. தோட்டத்தில் பெயர் பதிவில்லாத குடும்பத்துக்கு லயக் காம்பராவின்மேல் உறுதியான உரிமை இல்லை. அதனால் வீட்டில் ஒருவராவது தோட்ட வேலைக்குப் பேர் போட வேண்டியிருக்கிறது. பெரும்பாலும் அது அம்மா. வீதி, தண்ணீர், மையவாடி எல்லாம் தோட்ட நிர்வாகத்தின் கையில் இருந்த காலம் நீண்டது. 2018இல் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு திருத்தப்படும் வரை உள்ளூராட்சி சபைகள் தம் பணத்தைத் தோட்டத்துக்குள் செலவிடவே தடை இருந்தது. அந்தத் திருத்தமும், அதே ஆண்டில் மலையகப் புதிய கிராமங்களுக்கென வந்த அதிகாரசபையும், நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை ஆகியவற்றுக்குக் கிடைத்த தனிப் பிரதேச சபைகளும் எந்த வர்த்தகச் சட்டத்தையும்விடக் கம்பனியின் ஆதிக்கத்தை அதிகம் குறைத்தன என்று நான் கருதுகிறேன்.

7 பேர்ச் காணியும் உறுதிப் பத்திரமும் கொண்ட தனி வீட்டுத் திட்டங்களையும் இந்தக் கோணத்தில்தான் பார்க்க வேண்டும். உறுதிப் பத்திரம் உள்ளவள் எங்கே வேலைக்குப் போனாலும் மாலையில் தன் வீட்டுக்கே திரும்புவாள். அவளை வேலைக்கு வைத்திருக்கக் கம்பனி சம்பளத்தால் மட்டுமே முயல வேண்டியிருக்கும். இந்திய உதவி வீடுகள் உட்பட இதுவரை கட்டியவை தேவைக்கு எட்டாத் தொலைவில் நிற்கின்றன. கட்டிய வீடுகளிலும் பத்திரம் கைக்கு வராமல் காத்திருப்போர் பலர்.

கொழுந்தை விற்பவர்களின் அனுபவம்

அதே தேயிலையில் வேறொரு ஏற்பாடும் இருக்கிறது. நாட்டின் தேயிலையில் 70 சதவீதத்துக்கு மேல் இன்று சிறுபற்று நில உடைமையாளர்களிடமிருந்து வருகிறது. பெரும்பாலும் காலி, மாத்தறை, இரத்தினபுரி மாவட்டங்களில். அவர்கள் பச்சைக் கொழுந்தைத் தொழிற்சாலைக்கு விற்கிறார்கள். தொழிற்சாலை ஏலத்தில் பெறும் விலையின் அடிப்படையில் 68 சதவீதம் கொழுந்து தந்தவருக்கு, 32 சதவீதம் தொழிற்சாலைக்கு என்பது தேயிலை ஆணையாளர் நடைமுறைப்படுத்தும் விதி. அதற்கு மேல், கொழுந்து லொறிகள் ஒன்றுக்கு மேற்பட்ட தொழிற்சாலைகளிலிருந்து வருகின்றன. எடையில் ஏமாற்றினால், பணம் தாமதித்தால், மறுமாதம் கொழுந்து வேறு லொறியில் ஏறும். விதியும் மாற்று வழியும் சேர்ந்து இருக்கும்போது சிறியவருக்கும் பேசும் பலம் கிடைக்கிறது என்பதற்கு நாட்டுக்குள்ளேயே இருக்கும் சான்று இது.

கென்யாவில் 6 லட்சத்துக்கு மேற்பட்ட சிறு விவசாயிகள் தங்கள் தொழிற்சாலைகளுக்குத் தாங்களே பங்குதாரர்கள். அங்கும் அவர்களின் நிர்வாக முகவரகம் தன்னளவில் பெரும் ஆதிக்கமாக வளர்ந்ததாக முறைப்பாடுகள் குவிந்து, 2020இல் புதிய தேயிலைச் சட்டம் வந்தது. மூணாறில் 2005இல் தொழிலாளர்களுக்குப் பங்கு கொடுத்துப் புதிய கம்பனி உருவானது. பத்தே ஆண்டில் தமிழ்ப் பெண்கள் போனஸுக்காகவும் கூலிக்காகவும் தெருவில் அமர்ந்து பெண்கள் ஒற்றுமை என்ற இயக்கத்தைத் தொடங்கினார்கள். பங்குப் பத்திரம் கையில் இருந்தும் தீர்மானிக்கும் உரிமை அவர்களிடம் இல்லை.

மலையகக் கம்பனிகள் இப்போது முன்வைக்கும் வருமானப் பங்கீட்டு முறையை இந்தப் பாடங்களோடு எடைபோட வேண்டும். தொழிலாளிக்கு ஒரு பகுதி மலை பிரித்துத் தரப்படும். அவர் பராமரித்துக் கொழுந்தெடுத்துக் கிலோ விலைக்குக் கொடுப்பார். எண்ணம் நல்லது. ஆனால் நிலத்தில் உரிமை இல்லை, கொழுந்தை அந்தக் கம்பனிக்கே கொடுக்க வேண்டும், விலையையும் அதுவே சொல்லும் என்றால், சேமலாப நிதியும் நாள் சம்பளப் பாதுகாப்பும் போய், பழைய ஏகபோகம் புதிய பெயரில் தொடரும்.

ரொட்டி மாவின் விலை

கம்பனி ஆதிக்கம் தோட்டக் குடும்பத்தைச் சம்பளத்தில் மட்டும் தொடுவதில்லை. காலையில் சுடும் ரொட்டிக்குக் கோதுமை மாவு வேண்டும். இலங்கையில் மாவு அரைப்பது பெரும்பாலும் இரண்டு நிறுவனங்கள்: 1980இலிருந்து திருகோணமலையில் பிறீமா, 2008இலிருந்து செரண்டிப். வெளியிலிருந்து மாவாக வருவதை இறக்குமதித் தீர்வை கட்டுப்படுத்துகிறது. 2022 ஜனவரியில் அரசு தோட்டக் குடும்பத்துக்கு மாதம் 15 கிலோ மாவு 80 ரூபா வீதம் தருவதாக அறிவித்தது. உதவி அவசியமாகத்தான் இருந்தது. ஆயினும் சந்தையின் அமைப்பைக் கேள்வி கேட்க அதிகாரமுள்ள ஆணைக்குழு இல்லாத நாடு, நெருக்கடி வரும்போது சலுகை அறிவிப்பதைத் தவிர வேறென்ன செய்ய முடியும்?

கம்பனிகளின் வாதம்

கம்பனிகளின் தரப்பும் கேட்கப்பட வேண்டியது. உற்பத்திச் செலவின் பெரும்பங்கு சம்பளம். தேயிலை விலையை உலகச் சந்தை தீர்மானிக்கிறது. பல மலைகளில் செடிகள் மூப்படைந்தவை. 2021இன் இரசாயன உரத் தடை விளைச்சலை வீழ்த்தியது. அரசியல்வாதிகள் மேடையில் சம்பளத்தை அறிவித்துவிடுகிறார்கள். இவை எல்லாம் உண்மை. ஆனால் மறுநடுகைக்குப் போதிய முதலீடு செய்யாமல் விட்டதும், மலிவான உழைப்பு எப்போதும் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் தொழிலை நடத்தியதும் அவர்களின் தீர்மானங்களே. உழைப்பை வாங்குவதில் போட்டி இருந்திருந்தால், செடியையும் கருவியையும் மேம்படுத்தும் நெருக்கடி முப்பது ஆண்டுகளுக்கு முன்பே அவர்களுக்கு வந்திருக்கும்.

செய்ய வேண்டியவை

2022 பொருளாதார வீழ்ச்சிக்குப் பிறகு போட்டிச் சட்டம் பற்றிய பேச்சு மீண்டும் எழுந்திருக்கிறது. அது நுகர்வோர் விலையோடு நின்றுவிடக் கூடாது. நிறுவன இணைப்பை ஆராயும் அதிகாரம் திரும்ப வேண்டும். அந்த ஆய்வில் உழைப்பையும் பச்சைக் கொழுந்தையும் வாங்குபவரின் ஆதிக்கமும் அடங்க வேண்டும். அமெரிக்காவின் 2023 இணைப்பு வழிகாட்டல் தொழிலாளர் சந்தைமீதான விளைவையும் கணக்கிடச் சொல்கிறது; நமக்கு அந்தத் தேவை அதைவிடப் பெரியது.

தோட்டத்துக்கு என்று சில கூடுதல் விதிகளும் வேண்டும். வீட்டுரிமை வேலையிலிருந்து முற்றாகப் பிரிக்கப்பட்டு, உறுதிப் பத்திரம் பெண்ணின் பெயரும் சேர்த்து வழங்கப்பட வேண்டும். வருமானப் பங்கீட்டில் சேர்பவர்களுக்கும் 68 சதவீத விதி பொருந்த வேண்டும். கொழுந்தை விரும்பிய தொழிற்சாலைக்குக் கொடுக்கும் உரிமை ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும். இவை நடைமுறையாகும் வரை சம்பள நிர்ணய சபை தொடர வேண்டும். கொழுந்தின் கிலோ அளவும் அதன் மேற்பார்வைக்குள் வர வேண்டும்.

நிலத்தின் உரிமையாளர் அரசே என்பதால் இவற்றைச் செய்யும் அதிகாரம் அதனிடம் ஏற்கனவே இருக்கிறது. 2045இல் குத்தகை முடியும். அடுத்த குத்தகை யாருக்கு என்ற பேரம் அதற்கு வெகு முன்பே தொடங்கிவிடும். அந்தப் பேச்சில் கம்பனிகளும் திறைசேரியும் மட்டும் அமர்ந்தால் 1975உம் 1992உம் திரும்ப நடக்கும்: பெயர்ப்பலகை மாறும், காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பிரட்டில் நிற்பவரின் நிலை மாறாது. மலையகத் தொழிலாளர்கள் அந்தக் குத்தகையில் ஒரு தரப்பாக, தங்கள் நிலக் கோரிக்கையோடு உட்கார வேண்டும். அதற்கான கோரிக்கையைச் சங்கங்களும் மலையக நாடாளுமன்ற உறுப்பினர்களும் இன்றே எழுத்தில் முன்வைக்க வேண்டும்.